வாத்து நிற்கும் பக்கம்

ஷ்மின், தோபெ மாதம், குளிர்
(சாடிச் சில்லில் எழுதியது)

வாத்துக்குட்டி,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும். எனக்கு வேறு மாதிரித் தொடங்கத் தெரியாது. நான் நலம். அதையும் அப்படித்தான் எழுத வேண்டும்.

உன்னை மேட்டு மணலில் வைத்துவிட்டு வந்தபோது வாசலில் உடைந்த எண்ணெய்ச் சாடி ஒன்று கிடந்தது. அதன் வயிற்றுப் பக்கத்துச் சில்லில்தான் எழுதுகிறேன். நல்ல தாள் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது அப்பாவுக்கு. நாளைக் காலையில் பிகோஷின் படகு வடக்கே அலெக்சாந்திரியாவுக்குப் போகிறது. நம் ஊர்க்காரர்கள் யாரும் இந்த வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை. பிகோஷ் வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது. கடிதம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "எங்கே அந்த வாலு? போன தடவை என் தாடியைப் புடிச்சு இழுத்தாளே?" என்றார். "தூங்குறா" என்றேன்.

நீ எப்போதும் இடது பக்கம் சுருண்டு, முகத்தைத் தறியின் பக்கம் வைத்துக்கொண்டு தூங்குவாய். அவர்கள் உன்னை மல்லாந்து படுக்கவைத்துப் பலகையோடு நாடா சுற்றினார்கள். எல்லாரையும் அப்படித்தான் வைப்பது. உன் பழைய சட்டையைத்தான் போட்டேன், முயல் போட்டது. குளிப்பாட்ட வந்த பக்கத்து வீட்டு நோன்னா அக்கா இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்து, "இதைப் பிரிச்சு விடவா தலூ? காலை மூடும்" என்றாள். பிரித்தாள். காலை மூடியது. மூடிய பிறகும் துணி மிச்சமிருந்தது. நீ வளர்வாய் என்று நான் மடித்துத் தைத்திருந்ததெல்லாம் உன் பாதத்துக்குக் கீழே கிடந்தது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நோன்னா அக்காதான் சுருட்டி உள்ளே செருகினாள்.

அப்பாவுக்கு என்ன எழுதுவது? அவர் இருக்கிற ஊரில் நீ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாய். அங்கே உனக்குப் பல் விழுகிறது, முடி வளர்கிறது. நான் ஒரு வரி எழுதினால் அங்கேயும் நீ படுத்துவிடுவாய். ஒரு ஊரிலாவது நீ இரு.

அம்மா

*

ஷ்மின், அதே நாள்

என் வீட்டுக்குத் தலைவராகிய ஹத்ரேக்கு, தலூ எழுதுவது. மற்ற எதற்கும் முன்னால், நீங்கள் உடம்பு சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். நான் படித்த எழுத்து கொஞ்சம், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே குளிர் அதிகம். வெங்காயம் நன்றாக வந்திருக்கிறது. எதிர்வீட்டுக் கழுதை நம் சணல் கட்டின் பாதியைத் தின்றுவிட்டது, கேட்டால் கழுதையிடம் போய்க் கேள் என்கிறார்கள். கூரையில் ஒழுகுகிற இடத்தை நானே மண் வைத்து அடைத்தேன். நீங்கள் கப்பலுக்குக் கட்டை செதுக்கும்போது கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீராவின் பண்டிகைச் சட்டை தறியில் ஏறியிருக்கிறது. நீங்கள் சொன்னபடி தோளில் வாத்துகள். அவள் என்னைத் தொந்தரவு செய்வதில்லை.

உங்களை நினைத்துக்கொண்டிருக்கும் தலூ.

*

அலெக்சாந்திரியா, ம்ஷிர் மாதம்

என் தலூவுக்கும் என் கண்ணாகிய கீராவுக்கும் ஹத்ரே சொல்ல, கப்பல் தளத்துக் கணக்கர் இசாக் எழுதுவது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் நானும் சுகம்.

தொந்தரவு செய்வதில்லையா? நம் கீராவா? தலூ, நீ யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியாவது எழுதிவிட்டாயா? (இதை எழுதும் நான் சிரிக்கிறேன். — இசாக்) முன்பல் விழுந்ததா? விழுந்த பல்லை எங்கே எறிந்தாள்? இதையெல்லாம் எழுதாமல் கழுதையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

இங்கே கடல். கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. கீராவிடம் சொல், நம்பமாட்டாள். கட்டுகிற கப்பலுக்கு விலா எலும்பு ஏறிவிட்டது, இனி தோல் போர்த்துவதுதான் பாக்கி. தளத்தில் எல்லாருக்கும் அவளைத் தெரியும், நான் பேசிப் பேசியே. (உண்மை, காது புளித்துவிட்டது. — இசாக்)

இத்துடன் சிவப்புக் கம்பளி நூல் அனுப்புகிறேன். பூச்சியிலிருந்து எடுத்த சாயம், வெயிலில் வெளுக்காது என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். வாத்தின் அலகுக்கு வை. முதுகில் ஒரு குதிரைக்காரனையும் நெய், கண்ணேறு அண்டாது. இடுப்பு மடிப்பைத் தாராளமாக விடு. என் அத்தைகளைப் பார்த்திருக்கிறாயே, நிலைப்படியில் தலை இடிக்காமல் யாராவது உள்ளே வந்ததுண்டா? அவர்கள் உயரம்தான் இவளுக்கும்.

சிவப்புத் தோலில் சின்னச் செருப்பு இங்கே அழகாகச் செய்கிறார்கள். அவள் பாதம் இப்போது எவ்வளவு என்று ஒரு நூலில் அளந்து அனுப்பு. அளக்கும்போது கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வாள், கெட்டியாகப் பிடி.

உங்கள் இருவர் முகத்தையும் ஆண்டவர் எனக்குக் காட்டட்டும்.

*

ஷ்மின், பரம்ஹத் மாதம், நோன்பு நாட்கள்

ஹத்ரேக்கு, தலூ. உங்கள் சுகம் அறிந்து மகிழ்ந்தேன். நான் சுகம்.

சிவப்பு நூல் வந்தது. நனைத்துப் பார்த்தேன், சாயம் விடவில்லை, கடைக்காரன் நல்லவன். நோன்பானதால் மீன் இல்லை, பருப்பும் வெங்காயமுமாக ஓடுகிறது.

வழக்கம்போல நோன்னா அக்கா வீட்டுக்கும் நமக்கும் பொதுவான முற்றத்தில்தான் தறி. ஒரு நாள் கோயில் தியாக்கோன் வந்தார். நெய்ததைக் குனிந்து பார்த்து, "இது என்னம்மா, வாத்தா? ஞானஸ்நானம் வாங்கின உடம்புல வாத்து எதுக்கு? தலையில வளையம் வெச்ச சிலுவை ஒண்ணு போடேன், அதுதானே உயிரோட அடையாளம்" என்றார். நான் பதில் தேடுவதற்குள் நோன்னா அக்கா தன் தறியிலிருந்தே, "வாத்து என்ன சாமி பாவம் பண்ணுச்சு? நோவா அதைப் பேழையில ஏத்திக்கலயா?" என்றாள்.

"அவர் ஜோடியா இல்ல ஏத்தினாரு?"

"அப்ப ஜோடியாவே போட்டுடுறோம். பேழைக்குக் கட்டை வேணும்னா இவ புருஷன் செதுக்குவான்."

தியாக்கோன் சிரித்துவிட்டார். "என் பேருக்குக் கழுத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிலுவையாவது வெச்சுடுங்க, பிஷப் வந்தா நான் எங்கே போய் நிக்கிறது?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஆகவே சிலுவையும் உண்டு, வாத்தும் ஜோடி ஜோடியாக உண்டு. நடுவில் தாமரை மொட்டு வைத்திருக்கிறேன், அவை நீந்துவதற்குத் தண்ணீர் வேண்டுமே. குதிரைக்காரனுக்கு இடம் போதவில்லை.

நீங்கள் கேட்ட நூலை இந்தக் கடிதத்தின் மேலேயே சுற்றியிருக்கிறேன். முடிச்சுக்கு முடிச்சு பாதத்தின் நீளம்.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். தலூ.

*

ஷ்மின், பர்மூதெ மாதம், அறுப்புக் காலம்
(சாடிச் சில்லில்)

வாத்துக்குட்டி,

அப்பாவுக்கு எழுதாததை உனக்கு எழுதுகிறேன்.

தியாக்கோன் சிரிப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். உன் மேல் மண் போட்ட கை அவருடையது. "யாருக்கும்மா இது?" என்று கேட்க அவர் வாய் திறந்துவிட்டது. அதற்குள் நோன்னா அக்கா வாத்தைப் பேழையில் ஏற்றிவிட்டாள். அவர் போன பிறகு அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, நூலைச் சீப்பால் அடித்துக்கொண்டே இருந்தாள். அடித்து முடித்த இடத்தையே மறுபடி அடித்தாள்.

குதிரைக்காரனுக்கு இடம் இருந்தது. காவலுக்கு வருகிறவன் இவ்வளவு தாமதமாக வந்து என்ன செய்யப்போகிறான்?

உன் பாதத்தை உன் பழைய செருப்பை வைத்து அளந்தேன். உள்ளே குதிகால் தேய்த்த பள்ளம் இருக்கிறது. என் கட்டைவிரல் அதில் சரியாக உட்காருகிறது.

மதிய நேரத்தில் எல்லாரும் அறுப்புக்குப் போய்விடுகிறார்கள். நான் தறியின் முன்னால் தனியாக இருக்கிறேன். நீ தறிக்குப் பின்னால் உட்கார்ந்து பாவு நூலின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்து என்னைப் பார்ப்பாயே, அந்த இடத்தில் வெளிச்சம் வந்து உட்காருகிறது. நூலை ஆட்டினால் கண் சிமிட்டுகிறது. உன் பழைய சட்டையில் திராட்சை தின்னும் முயலைக் காட்டி, "அது தின்னுக்கிட்டே இருந்தா திராட்சை தீந்துடாதாம்மா?" என்று ஒரு தடவை கேட்டாய். "துணியில தீராதுடி" என்றேன். "அப்ப முயலுக்குப் பசியும் தீராதா?" என்றாய். இன்றைக்கு அந்த முயல் மணலுக்கடியில் உன் மார்பின் மேல் தின்றுகொண்டிருக்கிறது. அங்கே வேறு சத்தம் இருக்காது. உனக்குத் துணையாக அந்த மெல்லுகிற சத்தமாவது இருக்கும்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். சட்டையைக் குறுக்காகத்தானே நெய்வோம், இந்தக் கையிலிருந்து அந்தக் கை வரை. அதனால் தறியில் இருக்கும் வரை மரம், மனிதர், பறவை எல்லாம் படுத்தபடி கிடக்க வேண்டும். போட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் அவை எழுந்து நிற்கும். தறியில் உட்கார்ந்த முதல் வாரத்தில் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. நோன்னா அக்கா வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"அடியே தலூ, வாத்தெல்லாம் நிக்குதுடி!"

நின்றன. தோள் பட்டையில் இரண்டு பக்கமும், ஒவ்வொன்றும் சிவப்பு அலகோடு, என்னைப் பார்த்தபடி தறியிலேயே நின்றன. சட்டையைப் போட்டால் அவை பக்கவாட்டில் சாய்ந்து, தலையை வலது கைப் பக்கம் நீட்டிக்கொண்டு கிடக்கும். "பிரிச்சுடு, யாருக்கும் சொல்லமாட்டேன்" என்றாள். ஊசியை எடுத்தேன். முதல் வாத்தின் காலில் வைத்தேன். படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்துவிட்டது, வாத்துக்குட்டி. நிற்கிற ஒன்றை என் கையால் படுக்கவைக்க முடியவில்லை.

அம்மா

*

அலெக்சாந்திரியா, பாவோனெ மாதம்

தலூ,

நானே எழுதுகிறேன். இசாக்கைக் கூப்பிடவில்லை. எழுத்து கோணும்.

சுகமா.

நூல் வந்தது. நான் கிளம்பின காலையில் நீ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாய். கீரா தன் பாதத்தை ஒரு நூலில் அளந்து என் மணிக்கட்டில் கட்டினாள். "என் கால் எவ்ளோன்னு மறந்துடாதேப்பா" என்றாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றாள், நான் சொல்லவில்லை. உன் நூல் வரும் வரை அதை அவிழ்க்கவில்லை.

நீ அனுப்பிய நூலை அதன் மேல் வைத்தேன். இரண்டும் ஒரே நீளம். போன வருஷத்து ஆற்று வெள்ளத்தில் கட்டினது. இப்போது அடுத்த வெள்ளம் வரப்போகிறது. பிள்ளையின் கால் அப்படி நிற்காது.

வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். நனைத்து இழுத்துப் பார்த்தேன்.

நீ என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடியாமல் தளத்தில் விடமாட்டார்கள். தண்ணீர் ஏறியதும் முதல் படகில் வருகிறேன்.

சட்டைக்கு மடிப்பு வைக்காதே.

ஹத்ரே

*

ஷ்மின், எபெப் மாதம்

ஹத்ரேக்கு, தலூ.

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். மடிப்பு வேண்டாம் என்ற வரியைப் படித்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

தோபெ மாதத்துக் காய்ச்சல். நம் தெருவில் இன்னும் சில வீட்டிலும் வந்தது. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். "அப்பா ஊர்த் தண்ணி குடிக்கிறேன்" என்று விளையாடினாள். பிறகு திரும்பிப் படுத்தாள். காய்ச்சலுக்கு முன்பே பல் விழுந்திருந்தது, ஒரு நாளும் மழை பெய்யாத இந்த ஊரில் அன்று தூறியது, பல்லைக் கூரை மேல் எறிந்தாள். நான் கூரையை அடைத்தபோது தேடினேன், கிடைக்கவில்லை.

நான் எழுதவில்லை என்று நீங்கள் கோபப்படலாம். அந்தக் கோபத்தோடேயே வாருங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆற்றில் தண்ணீர் நிறம் மாறத் தொடங்கிவிட்டது. தினம் துறைக்குப் போய் நிற்கிறேன்.

தலூ

*

அலெக்சாந்திரியா, மெசோரெ மாதம்

மதிப்புக்குரிய தலூ அம்மாளுக்கு, கப்பல் தளத்துக் கணக்கன் இசாக் வணக்கம் சொல்லி எழுதுவது. உங்களுக்கு என்னைத் தெரியாது, என் கையெழுத்தை மட்டும் தெரியும். வீட்டில் அனைவரும் சுகமா?

ஹத்ரே அண்ணன் தண்ணீர் ஏறின அன்றே படகு பிடித்துவிட்டார். அவசரத்தில் ஒரு சாமானை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கீராவுக்கென்று தளத்து ஆட்கள் கூடி மரத்தில் ஒரு வாத்து செதுக்கினார்கள். இறக்கை ஆடும், கழுத்துத் திரும்பும். அதைப் பிகோஷிடம் கொடுத்தனுப்புகிறேன். கழுத்தை ரொம்பத் திருக வேண்டாம் என்று குழந்தையிடம் சொல்லுங்கள்.

அண்ணன் கொஞ்ச நாளாக எதையோ நினைத்தபடி இருந்தார், சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். ஆனால் குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் தெளிந்துவிடும். விழுந்த பல் முளைத்துவிட்டதாமே! நேற்றுத்தான் கடிதம் வந்தது போல, அவள் ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டாள் என்றார், கிணற்றில் தானே தண்ணீர் சேந்துகிறாள் என்றார். எதிர்வீட்டுக் கழுதையை அவள் திட்டுகிற திட்டு என்று ஒன்றைச் சொன்னார், அதை இங்கே எல்லாரும் தலைமைத் தச்சரைத் திட்டப் பயன்படுத்துகிறோம். நாங்கள் பார்க்காத பிள்ளை, ஆனாலும் எங்கள் தளத்துப் பிள்ளை. தச்சர்கள், கீல் பூசுகிறவர்கள், பாய் தைக்கிறவர்கள் எல்லாரும் அவளுக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் குடும்பம் நீடூழி வாழட்டும். இசாக்.

*

ஷ்மின், தோவுத் மாதம், புது வருஷம்

சகோதரர் இசாக்குக்கு, ஹத்ரேயின் மனைவி தலூ எழுதுவது. நீங்களும் தளத்தார் அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இவர் சுகமாக வந்து சேர்ந்தார்.

மர வாத்து கிடைத்தது. கீராவுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கழுத்தைத் திருகவில்லை. பல் நேராக முளைத்திருக்கிறது. அந்தத் திட்டு அவள் திட்டியதுதான், உண்மை.

உங்கள் ஊரில் அவளை மறந்துவிடாதீர்கள்.

தலூ

*

ஷ்மின், தோவுத் மாதம்
(சாடிச் சில்லில்)

வாத்துக்குட்டி,

அப்பா வந்தார். ஊருக்கு நாலு பக்கமும் தண்ணீர் நிற்கிற நேரம். பேரீச்ச மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன, வீடுகளெல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கிறது. படகிலிருந்து இறங்கி நேராகத் தறிக்கு வந்தார். தறிக்குப் பின்னால், நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, நூல் இடுக்கு வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பிறகு, "அறுத்துடலாமா?" என்றார். ஒரு பக்கம் அவர் பிடிக்க, நான் பாவு நூலை அறுத்தேன். மடிப்பு இல்லாத சட்டை. தூக்கிப் பிடித்ததும் அவர் நெற்றி சுருங்கியது.

"வாத்தெல்லாம் ஏன் தலூ படுத்திருக்கு?"

"தப்பா நெய்துட்டேன்."

அவர் சட்டையைப் பாயில் விரித்தார். பிறகு இடது தோளைக் கீழே வைத்து, வலது தோளை மேலே தூக்கி, சுவரோரமாகச் சாய்த்து வைத்தார், நீ படுக்கிற மாதிரியே. வாத்துகள் எழுந்து நின்றன. சிவப்பு அலகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு தாமரை மொட்டுக்கும் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக.

"தப்பு இல்லடி" என்றார். அவ்வளவுதான். பிறகுதான் அழுதார்.

மேட்டுக்குப் படகில்தான் போக வேண்டியிருந்தது. நோன்னா அக்காவும் வந்தாள், படகு ஆட ஆட அப்பாவை, "தச்சனாம் தச்சன், துடுப்புப் போடத் தெரியல" என்று வைதுகொண்டே. மணலைப் பாதி விலக்கி, உன் மேல் சட்டையைப் போர்த்தினோம். சிவப்புச் செருப்பை வைத்தோம், அப்பா அந்த நூலின் அளவுக்கே வாங்கியிருந்தார். இரண்டு நூலையும் ஒன்றாக முடிந்து செருப்புக்குள் வைத்தார். மர வாத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. அது உயிரோடு இருக்கிற கீராவுக்கு வந்தது.

அப்பா கேட்டார், உன்னைப் பலகையோடு கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வைக்கலாமா என்று. நோன்னா அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்பா. தூங்குற புள்ளையை எழுப்பாதே. வேணும்னா அதுவே திரும்பிக்கும்."

மணலை மூடிவிட்டு வந்துவிட்டோம். வரும்போது தண்ணீரில் ஒரு ஜோடி வாத்து படகுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

வாத்துக்குட்டி, திரும்பிப் படுத்துக்கொண்டாயா?